உப்புக் காற்றும் பழைய துப்பாக்கியும்

1751 ஜூலை 29 அன்று, கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் காய்ச்சலில் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக அவர் சோழமண்டலக் கரைக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவர் வருகைக்கு மறைமுகக் காரணம் புதுச்சேரி. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1748இல் கடற்படைத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டு, வெறுங்கையோடு திரும்பினார். நம் கோட்டைகள் பலவீனமாக இருக்கின்றன என்று கம்பெனிக்கு உறைத்தது. பழுது பார்க்க ஆள் தேடியவர்கள், அன்றைய ஐரோப்பாவில் துப்பாக்கியைப் பற்றி எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவரையே பிடித்து அனுப்பினார்கள்.

துப்பாக்கிக் குண்டு என்ன வேகத்தில் பறக்கிறது என்பதை முதன்முதலில் நம்பகமாக அளந்தவர் ராபின்ஸ். 1742இல் அவர் வெளியிட்ட நூலை மூன்றே ஆண்டில் கணித மேதை ஆய்லர் ஜெர்மன் மொழியில் பெயர்த்து விளக்கவுரையும் எழுதினார். அப்படிப்பட்டவரின் கடைசி நாட்கள் புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் கழிந்தன. பழைய போர்த் துப்பாக்கிகளின் அறிவியலைப் பேச இதைவிடப் பொருத்தமான கடற்கரை வேறு எங்கே கிடைக்கும்?

இரண்டு நாட்டுத் துப்பாக்கிகள்

புதுச்சேரியை ஆங்கிலேயர் நான்கு முறை முற்றுகையிட்டார்கள்: 1748, 1760-61, 1778, 1793. முதல் முறை தோற்றார்கள்; மற்ற மூன்று முறையும் ஊர் அவர்கள் கைக்குப் போனது. 1814ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை ஊரைப் பிரான்ஸிடம் திருப்பித் தந்தபோது, கோட்டை கட்டக் கூடாது, காவல் பணிக்குத் தேவையான அளவுக்கு மேல் படை வைக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்தே தந்தது. ஆகவே புதுச்சேரி மண்ணில் போரிட்ட துப்பாக்கி என்றால், பெரும்பாலும் அது 18ஆம் நூற்றாண்டின் சக்கிமுக்கித் துப்பாக்கிதான். பிரெஞ்சுக்காரர்களுடையது ஒன்று, ஆங்கிலேயர்களுடையது ஒன்று.

இரண்டையும் பிரித்தறிவது சேகரிப்பாளர் கற்றுக்கொள்ளும் முதல் பாடம். பிரெஞ்சுத் துப்பாக்கியின் குழலை மரக்கட்டையோடு உலோக வளையங்கள் பிணைத்திருக்கும். 1728ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து இந்த வழக்கம். ஆங்கிலத் துப்பாக்கியில் வளையம் இருக்காது. கட்டைக்குள் குறுக்கே செருகிய சிறு ஆணிகள்தான் குழலைப் பிடித்திருக்கும். பிரெஞ்சுக் குழலின் உள்விட்டம் சுமார் 17.5 மில்லிமீட்டர், ஆங்கிலக் குழலுடையது சுமார் 19. பிரெஞ்சுக் குண்டு ஆங்கிலக் குழலில் தடதடவென்று உருண்டு போகும்; ஆங்கிலக் குண்டோ பிரெஞ்சுக் குழலில் நுழையவே நுழையாது.

அடுத்து முத்திரைகள். பிரெஞ்சுத் துப்பாக்கியின் விசைத் தகட்டில் சார்லெவில், சேன்-எத்தியேன், மோபேழ் என்று அரசு ஆலையின் பெயர் வெட்டியிருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனித் துப்பாக்கியில் இதய வடிவச் சின்னம் இருக்கும். 1808க்குப் பிறகு அந்த இடத்தில் மகுடம் ஏந்திய சிங்கம் வந்தது. கம்பெனிக்கென்று செலவைக் குறைத்து, குழலையும் குட்டையாக்கிச் செய்த 'இந்திய மாதிரி'யைத்தான் 1790களில் போர் நெருக்கடியின்போது பிரிட்டிஷ் அரசே தன் ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டது. நெப்போலியனை எதிர்த்து ஐரோப்பாவில் நின்ற சிப்பாய்களின் கையில் இருந்தது இந்தியாவுக்காக வடிவமைத்த துப்பாக்கி.

இந்த முத்திரைகள் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லாதவை. அத்தியாயம் முடியும்வரை இதை மனதில் வைத்திருங்கள்.

இரும்பு எரிகிறது

சக்கிமுக்கித் துப்பாக்கியின் வேலைமுறை எளிது. விசையை அழுத்தினால், கல்லைக் கவ்விய சுத்தியல் முன்னால் பாய்ந்து ஒரு எஃகுத் தகட்டில் உரசும். தகடு பின்னுக்குச் சாயும். அதன் அடியில் மூடியிருந்த சிறு கிண்ணம் திறக்கும். கிண்ணத்திலுள்ள மருந்தில் பொறி விழும். குழலின் பக்கத்துளை வழியாக நெருப்பு உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்றவைக்கும்.

பொறி எதிலிருந்து பிறக்கிறது? கல்லிலிருந்து என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் எரிவது இரும்பு. எஃகைவிடக் கடினமான கல், தகட்டிலிருந்து நுண்ணிய துணுக்குகளைச் சீவி எடுக்கிறது. உரசலில் அவை சூடாகின்றன. துணுக்கு சிறிதாக இருப்பதால் எடைக்கு மிஞ்சிய மேற்பரப்பு காற்றில் படுகிறது; ஆக்சிஜனோடு சேர்ந்து கணத்தில் எரிந்து ஒளிர்கிறது. இரும்பு ஆக்சிஜனோடு சேர்வதன் அதிவேக வடிவம் பொறி. ஈரத்தின் துணையோடு நடக்கும் மெதுவான வடிவம் துரு. துப்பாக்கியைச் சுடவைத்ததும் அதைத் தின்று தீர்ப்பதும் அடிப்படையில் ஒரே வேதியியல்தான்.

இந்த உண்மையை உலகுக்கு விளக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே. அவருக்கும் வெடிமருந்துக்கும் உள்ள உறவு இந்தியா வழியாகப் போகிறது. கருமருந்து என்பது ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். கரியும் கந்தகமும் எங்கும் கிடைக்கும்; வெடியுப்பு கிடைப்பதுதான் கடினம். அன்றைய உலகின் சிறந்த வெடியுப்பு பிகாரிலிருந்து, பாட்னா வழியாக வந்தது. 1757இல் பிளாசிப் போரில் வென்ற கையோடு ஆங்கிலக் கம்பெனி அந்த வணிகத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. பிரான்ஸ் தட்டுப்பாட்டில் தவித்தது. 1775இல் வெடிமருந்து உற்பத்தியைச் சீரமைக்க அரசு நியமித்த நால்வரில் லவாய்சியே ஒருவர். பதவியோடு பாரிஸ் ஆயுதச் சாலையில் வீடும் கிடைத்தது. அங்கே அவர் ஓர் ஆய்வகம் அமைத்தார். எரிதலும் துருப்பிடித்தலும் ஆக்சிஜனோடு சேர்வதுதான் என்ற கொள்கையை அவர் வளர்த்தெடுத்தது அந்த ஆய்வகத்தில்தான்.

கருமருந்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எரிந்த பிறகு அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே தங்கிவிடும். பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட் முதலிய உப்புகள் குழலின் உட்சுவரில் படியும். படிந்தவை காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அதனால்தான் சிப்பாய்கள் சண்டை முடிந்ததும் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவினார்கள். கழுவாமல் வைத்த துப்பாக்கியின் உட்சுவர் இன்றும் அம்மைத் தழும்பு விழுந்ததுபோல் குழிகுழியாக இருக்கும். உள்ளே பார்த்தாலே, கவனமான சிப்பாயிடம் இருந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

குறி ஏன் தவறியது

1746 அக்டோபரில் அடையாற்றங்கரையில் ஒரு சண்டை நடந்தது. ஆற்காட்டு நவாபின் படை சுமார் பத்தாயிரம் பேர் என்பார்கள். எதிரே பராதி (Paradis) என்ற தளபதியின் கீழ் பிரெஞ்சு வீரர்களும் புதுச்சேரியில் பயிற்சி பெற்ற சிப்பாய்களுமாக ஏறத்தாழ ஆயிரம் பேர். ஆயிரம் பேர் வென்றார்கள். நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை, வரிசையாக நின்று, ஒரே சமயத்தில் சுடும் பழக்கம்தான் அந்த வெற்றிக்கு முக்கியக் காரணம். தனித்தனியாகக் குறிபார்த்துச் சுட்டிருந்தால் வென்றிருக்க மாட்டார்கள். எண்பது மீட்டருக்கு அப்பால் நின்ற ஒரு மனிதனைக் குறிவைத்து அடிப்பது அந்தத் துப்பாக்கியால் ஆகாத காரியம்.

ஏன் என்பதற்கு விடை சொன்னவர் ராபின்ஸ். குண்டின் வேகத்தை அளக்க அவர் செய்த கருவி, தொங்கும் மரப்பலகை. பலகையின் எடை தெரியும், குண்டின் எடை தெரியும். குண்டு பாய்ந்ததும் பலகை எவ்வளவு தூரம் ஆடியது என்பதை ஒரு நாடா காட்டும். உந்தம் அழியாது என்ற நியூட்டனின் விதியைக் கொண்டு வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். சில சோதனைகளில் குண்டு வினாடிக்கு 500 மீட்டர் வேகத்தைத் தொட்டது. காற்றின் தடை பொருட்படுத்தத் தக்கதல்ல என்றே அதுவரை பலரும் நம்பினார்கள். அவர் கணக்கில் அந்தத் தடை குண்டின் எடையைப் போல நூறு மடங்குக்கும் மேலாக இருந்தது.

அடுத்த சோதனை இன்னும் அழகானது. குழலில் சுலபமாக இறங்குவதற்காகக் குண்டைச் சற்றுச் சிறியதாகவே வார்ப்பார்கள். அது வெளியே வரும்போது உட்சுவரில் அங்குமிங்கும் மோதும். கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ அதற்கேற்பச் சுழலும். சுழலும் உருண்டையைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளும். இதை நிரூபிக்க ராபின்ஸ் ஒரு துப்பாக்கியின் குழல் நுனியை இடப்பக்கமாக வளைத்தார். குண்டு முதலில் இடப்பக்கம் போனது. பிறகு அவர் முன்கூட்டியே சொன்னபடி, வலப்பக்கமாக வளைந்து குறுக்கே கடந்தது. வளைந்த குழலின் வலச்சுவரில் உருண்டு பெற்ற சுழற்சியின் வேலை அது. நூறாண்டு கழித்து இதை ஆராய்ந்த ஜெர்மானியர் மாக்னஸின் பெயரே இந்த விளைவுக்கு நிலைத்துவிட்டது.

தறிகெட்ட சுழற்சி குறியைக் கெடுக்கிறது என்றால், ஒழுங்கான சுழற்சி குறியைக் காக்கும். குழலின் உட்சுவரில் திருகுபோல் புரி வெட்டினால், குண்டு பறக்கும் திசையையே அச்சாகக் கொண்டு பம்பரம்போல் சுழன்றபடி நேராகப் போகும். புரிக்குழல் துப்பாக்கிதான் ரைஃபிள். 1747இல் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில் ராபின்ஸ், ரைஃபிளை முழுமையாக்கும் நாடு மற்றவர்களை மிஞ்சும் என்று எழுதினார். ரைஃபிள் அப்போதே இருந்தது. ஆனால் இறுக்கமான குண்டைப் புரிக்குள் அடித்து இறக்க நேரம் பிடித்ததால் ராணுவங்கள் அதை விரும்பவில்லை. 1849இல் பிரெஞ்சு அதிகாரி மினியே அடிப்பக்கம் குழிந்த குண்டைச் செய்தார். தளர்வாக உள்ளே இறங்கும். மருந்து வெடித்ததும் குழியின் விளிம்பு விரிந்து புரியைக் கவ்வும். ராபின்ஸ் சொன்னது நடக்க நூறாண்டு ஆனது.

புகை போனது, உப்பு வந்தது

பிறகு மாற்றங்கள் வேகமாக வந்தன. 1807இல் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், அடித்தாலே வெடிக்கும் வேதிப்பொருளால் சக்கிமுக்கிக் கல்லுக்கு விடை கொடுத்தார். கிண்ணத்து மருந்தின் பளிச்சிடலைக் கண்டு பறவைகள் பறந்துவிடுகின்றன என்பதே வேட்டைப் பிரியரான அவருடைய கவலை. 1866இல் பிரெஞ்சு ராணுவம் பின்பக்கம் திறந்து தோட்டா போடும் ஷாஸ்போ ரைஃபிளை ஏற்றது. 1884இல் பால் வியேய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். அதை நம்பி 1886இல் வந்த லெபெல் ரைஃபிள், உலகத்திலிருந்த மற்ற ராணுவத் துப்பாக்கிகளை எல்லாம் ஒரே நாளில் பழசாக்கியது.

எண்களைப் பாருங்கள். சக்கிமுக்கித் துப்பாக்கியின் ஈயக் குண்டு சுமார் 26 கிராம். வினாடிக்கு 400 மீட்டர் என்று வைத்தால் ஆற்றல் ஏறத்தாழ 2,000 ஜூல். லெபெலின் 1898ஆம் ஆண்டுக் குண்டு 12.8 கிராம், வேகம் சுமார் 700 மீட்டர், ஆற்றல் ஏறத்தாழ 3,100 ஜூல். ஆற்றல் ஒன்றரை மடங்குதான் கூடியது. ஆனால் உருண்டைக்குப் பதில் கூர்முனையும் சரிந்த வாலும் கொண்ட ஒல்லியான குண்டு. காற்றுத் தடை வெகுவாகக் குறைந்தது. துப்பாக்கி எட்டும் தூரம் பல மடங்கு நீண்டது அதனால்தான்.

அந்தக் காலத்துப் போர்களில் புதுச்சேரி ஆட்களும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் போனார்கள். கடற்கரைச் சாலையில் 1938இல் எழுப்பிய போர் நினைவுச் சின்னம் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கானது. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் வாங்கும் 'சொல்தா' குடும்பங்கள் ஊரில் இன்றும் உண்டு.

அந்தத் தலைமுறைத் தோட்டாக்களில் வேறொரு வில்லங்கம் இருந்தது. மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில் பொட்டாசியம் குளோரேட் சேர்த்தார்கள். அது வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடாக மாறும். சமையல் உப்பின் நெருங்கிய உறவான அந்த உப்பு குழல் முழுக்கப் படியும். எண்ணெய் விட்டுத் துடைத்தால் போகாது. உப்பு எண்ணெயில் கரையாது. தண்ணீரில்தான் கரையும். புகையில்லா மருந்து வந்த பின்னும் குழல் ஏன் துருப்பிடிக்கிறது என்று பல ஆண்டுகள் குழம்பினார்கள். காரணம் இந்த உப்புதான் என்பது 1920களில்தான் ஐயமின்றித் தெளிந்தது. வெந்நீரில் கழுவிய பழைய சிப்பாய்க்குக் காரணம் தெரியாவிட்டாலும், செய்தது சரியாகவே இருந்தது.

மழை வேண்டாம், காற்றே போதும்

துப்பாக்கி போரிலிருந்து ஓய்வு பெற்றாலும், கடற்கரை ஊரில் உப்பு அதை விடுவதில்லை. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு வந்து சுவரிலும் சன்னல் கம்பியிலும் இரும்பிலும் படிகின்றன. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 விழுக்காடே போதும். புதுச்சேரியில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் 70க்கு மேல். ஆக, துடைக்காத இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஆண்டு முழுவதும் இருந்துகொண்டே இருக்கிறது.

குளோரைடு அயனி, இரும்பைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தைத் துளைக்கும். துளையின் அடியில் இரும்பு கரையும். அங்கே அமிலம் உண்டாகும். அமிலம் மேலும் கரைக்கும். துரு வளர்ந்து மூடிய பிறகு குளோரைடு அதன் அடியில் சிறைப்பட்டு வேலையைத் தொடரும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயரும். பழைய குழலில் செந்நிற வியர்வைத் துளிகள்போல் தெரிந்தால், உள்ளே உப்பு உயிரோடு இருக்கிறது என்று பொருள். 1761 புத்தாண்டு நாளில் புதுச்சேரிக் கடலில் வீசிய புயல், முற்றுகையிட்டிருந்த ஆங்கிலப் போர்க்கப்பல்கள் சிலவற்றை விழுங்கியது. அப்படி மூழ்கிய கப்பல்களின் இரும்பு இரண்டு நூற்றாண்டு கடலடியில் கிடந்தாலும் தாங்கும். வெளியே எடுத்து அப்படியே உலரவிட்டால் சில மாதங்களில் உதிர்ந்துவிடக்கூடும். காற்றும் குளோரைடும் ஒன்றுசேர்வதுதான் காரணம்.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இலேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கியது. அங்கே எஸ். பரமசிவன் களிம்பேறிய செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையால் மீட்டார். மின்சாரத்தைக் காரக் கரைசல் வழியாகச் செலுத்திக் குளோரைடைப் பொருளிலிருந்து இழுத்து வெளியேற்றுவதே இரும்புக்கும் உலகெங்கும் கையாளும் வழி. காரைக்குடியில் 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் காற்றில் நிறுத்தி, கடல் எவ்வளவு தின்கிறது என்று அளந்துவருகிறது. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களை எழும்பூரிலும், கம்பெனிக் காலத்து ஆயுதங்களைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் நேரில் பார்க்கலாம்.

சுரண்டாதே

வீட்டில் ஒரு பழைய துப்பாக்கி இருந்தால், பலர் செய்யும் முதல் காரியம் உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பது. மிகப் பெரிய சேதமும் அதுதான். அந்தக் காலத்திலேயே சிப்பாய்கள் செங்கல் தூள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாகத்தானே வைத்திருந்தார்கள் என்று வாதிடலாம். உண்மை, அவர்கள் தேய்த்தே குழல்கள் மெலிந்தன. அவர்களுக்கு அது நாளைக்குச் சுட வேண்டிய கருவி. நமக்கு அது ஆவணம். ஆலையின் பெயர், ஆண்டு, படைப்பிரிவின் எண், சிப்பாய் கட்டையில் கீறிய கோடு எல்லாம் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கின்றன. போலியைப் பிடிக்கவும் மேற்பரப்பே சாட்சி. பழைய குழல், தகட்டைச் சுருட்டிக் காய்ச்சி அடித்துச் செய்தது. அதன் இரும்பில் கசடு நார் நாராக ஓடியிருக்கும். இன்றைய ஆலைக் குழாயில் அது இருக்காது. அமிலம் தடவித் துருவை வரவழைக்கலாம்; கசடு இழைகளை வரவழைக்க முடியாது.

செய்யத் தக்கவை சில. கையுறை போட்டுத் தொடுங்கள். வியர்வையிலும் உப்பு இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். நாள்பட்டால் சிக்குப் பிடித்து அமிலமாகும். அமிலமற்ற கனிம எண்ணெயோ, காப்பாளர்கள் பூசும் நுண்படிக மெழுகோ போதும். ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு மூடிய கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். நிலைத்துவிட்ட துருவின் மேல் டானின் அமிலம் பூசினால் அது கருநிறச் சேர்மமாக மாறி அடங்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சிய அதே வேதியியல். ஆனால் குளோரைடு உள்ளே இருக்கும்வரை எந்தப் பூச்சும் நிற்காது. அதற்கு ஆய்வகம்தான் வழி.

உயிருக்கு ஆபத்தானதும் ஒன்று உண்டு. வாய்வழியாக மருந்து இடிக்கும் பழைய துப்பாக்கிகள் குண்டு நிரப்பியபடியே பரணில் கிடப்பது உண்டு. உலர்ந்த கருமருந்து நூறாண்டு ஆனாலும் வீரியம் இழக்காது. விசையை இழுத்துப் பார்க்கவோ குழலைச் சூடேற்றவோ கூடாது. காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுவதே முறை.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதம், பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால் மட்டுமே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்கு வெளியே நிற்கும். சரிசெய்தால் சுடும் என்றால், தாத்தா சொத்தாக இருந்தாலும் உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. நூறாண்டு கடந்தது தொல்பொருள். 1972ஆம் ஆண்டின் சட்டப்படி தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

ஆகவே, பரணில் இரும்பும் மரமுமாக ஒரு நீண்ட பொருள் கிடைத்தால், உப்புத்தாளைத் தேடாதீர்கள். இருந்தபடியே படம் எடுங்கள். காவல் துறைக்குத் தெரிவியுங்கள். அருங்காட்சியகக் காப்பாளர் ஒருவரிடம் காட்டுங்கள். துருவை என்ன செய்வது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.